நவம்பரில் பூட்டான்: அம்மா, பையன், ஏழு இரவு. பும்தாங் வரை போகலாமா?

ஜன்னலோரம்:

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாளும் இங்கே ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவள்தான். இப்போது எனக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

நவம்பர் முதல் பாதியில் பூட்டான் போகிறோம். நான், அம்மா (64), பையன் (11). மொத்தம் ஏழு இரவு. ஷாப்பிங் எல்லாம் வேண்டாம். மலை, காடு, பறவை, மடாலயம், அங்கே இருக்கும் மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கொஞ்சம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அம்மாவுக்கு வலது முழங்காலில் தேய்மானம். சமதரையில் நன்றாகவே நடப்பார், படியைக் கண்டால்தான் முகம் மாறும். ஆனால் ஏதோ காலண்டரில் பாறையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிற அந்த மடாலயத்தைப் பார்த்துவிட்டு, "அங்கே கூட்டிட்டுப் போறதா இருந்தா வர்றேன்" என்று சொல்லிவிட்டார்.

ஏஜெண்ட் அனுப்பிய திட்டம் இது: எல்லையூர் புந்த்சோலிங் ஒரு இரவு, திம்பு ஒன்று, புனாகா ஒன்று, நாட்டின் நடுப்பகுதியில் இருக்கும் பும்தாங் இரண்டு, திரும்பி வரும் வழியில் ஒன்று, பாரோ ஒன்று. படிக்கும்போதே எனக்கு மூச்சு வாங்குகிறது. ஆனால் ஒரு இரவுக்கு ஆளுக்கு 1,200 ரூபாய் அரசாங்கக் கட்டணம் என்கிறார்கள். அவ்வளவு கொடுத்துப் போகும்போது நாலு இடம் கூடுதலாகப் பார்த்தால் என்ன என்றும் தோன்றுகிறது. போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். ரோடா, விமானமா என்றும் முடிவு செய்யவில்லை.

தபால்தலை:

ஏஜெண்ட் கொடுத்த காகிதத்தில் முதலில் பும்தாங்கை அடித்துவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

நான் தபால் துறையில் முப்பத்தாறு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். பூட்டான் எனக்கு முதலில் நாடாக அறிமுகமாகவில்லை, தபால்தலையாகத்தான் அறிமுகம். எஃகுத் தகட்டில் ஒன்று, பட்டில் ஒன்று, முகர்ந்தால் ரோஜா வாசனை வருகிற மாதிரி ஒன்று என்று விட்டுக்கொண்டே இருந்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் ஒன்று வந்தது பாருங்கள், சின்ன இசைத்தட்டு மாதிரி. ரெக்கார்ட் பிளேயரில் வைத்தால் அவர்கள் தேசிய கீதம் பாடும். இப்படி யோசிக்கிறவர்கள் எந்த மாதிரி ஆட்கள் என்று பார்க்கிற ஆசை அப்போதிருந்தே உண்டு. வேலையை விட்ட பிறகுதான் வாய்த்தது. கூட வந்த என் வீட்டம்மாவுக்கும் முழங்கால்தான் பிரச்சினை. ஆகவே உங்கள் கேள்வி கிட்டத்தட்ட என் கேள்வியும்கூட.

எங்களுக்கும் ஒரு புண்ணியவான் இதே திட்டத்தைத்தான் போட்டுக் கொடுத்தார், அதுவும் ஆறு இரவுக்கு. திம்புவிலிருந்து தோச்சு லா கணவாய் (3,100 மீட்டர்) வரை சரியாகத்தான் போனது. அங்கே 108 சோர்த்தன்கள் (ஸ்தூபிகள்) வரிசை வரிசையாக நிற்கின்றன, மேகம் விலகினால் பின்னால் பனிமலை. தேநீர் குடித்தோம், படம் எடுத்தோம். இறக்கத்தில் வளைவுகள் தொடங்கியதும் அவளுக்குத் தலை சுற்றி, வண்டியை நாலு தடவை நிறுத்த வேண்டியதாகிவிட்டது. புனாகாவில் இரவு தங்கி மறுநாள் காலை வண்டியில் ஏறும்போது, "இன்னிக்கு எத்தனை மணி நேரம்?" என்றாள். வழிகாட்டிப் பையன் தயங்கித் தயங்கி, "முழுப் பகலும் ஆகும் மேடம்" என்றான். அவள் என்னைப் பார்த்த பார்வையிலேயே பும்தாங் முடிந்துவிட்டது. வழியில் பிரிந்து ஃபோப்ஜிகா என்ற பள்ளத்தாக்குக்குப் போய் இரண்டு இரவு தங்கிவிட்டோம். ஊர் திரும்பிய பிறகு நான் இன்னும் பேசிக்கொண்டிருப்பது அந்த இரண்டு இரவைப் பற்றித்தான்.

நீங்கள் போகிற மாதத்துக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,000 மீட்டர். சுற்றிலும் பைன் காடு, நடுவில் அகலமான சதுப்புப் புல்வெளி. அந்தச் சதுப்பில் ஒரு வீடுகூட இல்லை, எல்லாம் ஓரச் சரிவில்தான். அக்டோபர் கடைசியிலிருந்து திபெத் பீடபூமியிலிருந்து கறுப்புக் கழுத்துக் கொக்குகள் வந்து இறங்கி, குளிர்காலம் முழுக்க அங்கேதான் இருக்கும். கொக்கு என்றதும் நம் வயலில் ஒற்றைக்காலில் நிற்குமே, அதை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது நின்றால் உங்கள் பையன் நெஞ்சு வரைக்கும் வரும். இதன் சிறகு மாட்டிக்கொள்ளக் கூடாது என்று அந்தப் பள்ளத்தாக்குக்கு மின்சாரக் கம்பியையே மண்ணுக்கடியில் கொண்டுபோயிருக்கிறார்கள். கம்பமில்லாத ஊர் எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. முதலில் என்னவோ குறைகிறதே என்று தோன்றியது, என்ன குறைகிறது என்று கண்டுபிடிக்கவே அரை நாள் ஆனது.

நவம்பர் 11 அன்று மேட்டில் இருக்கும் காங்தே மடாலய முற்றத்தில் கொக்குத் திருவிழா. ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொக்கு மாதிரி உடுத்திக்கொண்டு ஆடுவார்கள். வருஷா வருஷம் தேதி மாறாது. உங்கள் பயணத்தை அதையொட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் தங்குமிடத்தை இப்போதே பிடித்துவிடுங்கள், அன்றைக்கு அறை கிடைப்பது கஷ்டம்.

நாங்கள் தங்கியது ஒரு விவசாயி வீட்டில். நடுக்கூடத்தில் புகாரி என்று ஒரு இரும்பு விறகடுப்பு, அதைச் சுற்றித்தான் வீடே வாழ்கிறது. ராத்திரி வெளியே தண்ணீர் உறைகிறது, உள்ளே ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டியிருக்கிறது. அந்த வீட்டுப் பாட்டி வெற்றிலைப் பெட்டியைத் திறந்ததும் எங்கள் வீட்டம்மா முகத்தில் ஒரு மலர்ச்சி. தோமா என்பார்கள். பாக்கு, வெற்றிலை, சுண்ணாம்பு, எல்லாம் நம்முடையதுதான் என்று நம்பி வாயில் போட்டுவிட்டாள். அந்தப் பாக்கு ஊறிப் புளித்த பாக்கு. காது இரண்டும் சிவந்து, கண்ணில் தண்ணீர். பாட்டிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு பேரும் மொழியே இல்லாமல் மணிக்கணக்காக உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்தார்கள். வழிகாட்டியை மொழிபெயர்க்கக்கூடக் கூப்பிடவில்லை.

காலையில் முதலில் வருவது சத்தம்தான். மூடுபனிக்குள்ளிருந்து எக்காளம் ஊதின மாதிரி. பறவை தெரிய இன்னும் கொஞ்சம் நேரம் ஆகும்.

காசு விஷயம். உங்களுக்கும் அம்மாவுக்கும் ஏழு இரவுக்கு 16,800. பையனுக்கு 6 முதல் 12 வயதுக்கான பாதிக் கட்டணம், 4,200. ஆக 21,000. இது அறைக்கும் வண்டிக்கும் சேர்த்தி இல்லை. இந்தக் கணக்கைப் போட்டதும் எல்லோருக்கும் ஒரு பதற்றம் வருகிறது, இரவுக்கு இவ்வளவு என்றால் பகலுக்கு இத்தனை இடமாவது பார்க்க வேண்டாமா என்று. எனக்கும் வந்தது. ஆனால் அந்த நாட்டில் ஐம்பது கிலோமீட்டர் என்றாலே ஒன்றரை மணி நேரம். இடத்தைக் கூட்டினால் நீங்கள் வாங்குவது கார் ஜன்னல்தான். (உங்கள் பெயரைப் பார்த்துச் சொல்லவில்லை!)

நான் போட்டால் இப்படிப் போடுவேன்: திம்பு இரண்டு, புனாகா ஒன்று, ஃபோப்ஜிகா இரண்டு, பாரோ இரண்டு. ஃபோப்ஜிகாவிலிருந்து பாரோ வருகிற நாள் மட்டும் நீளம். பாரோ, திம்புவைத் தாண்டினால் வழிகாட்டி கட்டாயம், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போகும்போது ரோடு. மேற்கு வங்கத்து ஹாசிமாராவில் ரயிலை விட்டு இறங்கினால் இருபது கிலோமீட்டருக்குள் ஜெய்கான், கேட்டைத் தாண்டினால் புந்த்சோலிங். அங்கிருந்து திம்பு ஐந்து, ஆறு மணி நேரம். கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதால் உடம்பு பழகிவிடும். வழியில் தக்தி என்ற இடத்தில் நம் எல்லைச் சாலை அமைப்பின் தண்டக் பிரிவு நடத்துகிற கேண்டீன் ஒன்று இருக்கிறது. அந்த மலை மேகத்துக்குள் மசால் தோசை! சாம்பார் சுமார்தான், ஆனால் குறை சொல்ல மனசு வராது. திரும்பும்போது முடிந்தால் பாரோவிலிருந்து பாக்டோக்ராவுக்கு விமானம். எல்லா நாளும் கிடையாது, தேதி பார்த்துக்கொள்ளுங்கள்.

தக்சாங், அதாவது அம்மா கேட்ட அந்தப் பாறை மடாலயம், அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், பேரனைப் பள்ளியிலிருந்து கூட்டி வர வேண்டும்.

கனடாக் கமலம்:

நாங்கள் ரெண்டு பேரும் போன வருசம் ஒரு கிழமை நிண்டு வந்தனாங்கள். 1,200 ரூபாய் எண்டு கவலைப்படுற ஆக்களைப் பார்க்க எனக்குப் பொறாமையாக் கிடக்கு. இந்தியா, பங்களாதேஷ் ஆக்களை விட்டால் மிச்ச எல்லாருக்கும் ஒரு இரவுக்கு ஆளுக்கு நூறு டொலர், விசாவுக்கு நாப்பது டொலர் வேற. அதால நாங்கள் ஒவ்வொரு மணித்தியாலத்தையும் எண்ணி எண்ணித்தான் பார்த்தது. அண்ணை சொல்லுறது சரி, எண்ணத் தொடங்கினால் ஒண்டும் மனசில நிக்காது.

நாங்கள் காத்மாண்டுவில இருந்து பறந்தது. அப்பிடிப் போறதெண்டால் இடப்பக்க ஜன்னலைக் கேட்டு வாங்குங்கோ, எவரெஸ்ட் தெரியும். பாரோவில இறங்கேக்க ரெண்டு பக்கமும் மலை, வீட்டுக் கூரையில மிளகாய் காயப் போட்டிருக்கிறதுகூட தெரியுது. பகல் வெளிச்சத்தில மட்டும்தான் அங்க இறக்குவினம்.

இன்னொண்டு. சின்ன வயசில இருந்து இலங்கையில நாங்கள் பார்த்த புத்த விகாரை வெள்ளையடிச்சு, அமைதியா, ஒரு புத்தர் இருப்பார். பூட்டானில உள்ளுக்க போனால் சுவர் முழுக்க வர்ணம், கோபமான முகங்கள், மண்டையோட்டு மாலை, வெண்ணெய் விளக்கு. புத்த மதத்திலயே வேற வேற பிரிவு: இது வச்சிரயானம், அது தேரவாதம். என்ர மனுசன், "இது எங்கட பத்திரகாளி கோயில் மாதிரியெல்லோ" எண்டு சொல்லிக் கும்பிட்டவர். உங்கட அம்மாவுக்கு அந்நியமாத் தெரியாது.

ரெண்டு சக்கரம்:

பெரியவர் சொன்னதில் பாதிக்கு ஆமாம், பாதிக்கு இல்லை. ஃபோப்ஜிகாவில் இரண்டு இரவு என்பது பதினொரு வயசுப் பையனுக்கு அதிகம். ஒன்று போதும். மிச்ச இரவை பாரோவில் கூட்டி, செலே லா கணவாய்க்குப் போங்கள். 3,988 மீட்டர், வண்டியிலேயே ஏறலாம், அம்மா ஒரு படிகூட ஏற வேண்டாம். கணவாய் முழுக்கப் பிரார்த்தனைக் கொடிகள் படபடக்கும், வானம் தெளிந்தால் ஜொமொல்ஹாரி சிகரம் (7,326 மீட்டர்) தெரியும். அந்தப் பக்கம் இறங்கினால் ஹா பள்ளத்தாக்கு, கூட்டமே கிடையாது. மேலே கால் மணி நேரத்துக்கு மேல் நிற்காதீர்கள், தலை வலிக்கும்.

தக்சாங் உச்சி வரை போகாவிட்டால் பூட்டான் போனதே வீண். என் கருத்து.

தபால்தலை:

தம்பி, செலே லா நல்ல யோசனை, அதை நான் விட்டுவிட்டேன். அடுத்த வரியோடு மட்டும் எனக்குச் சண்டை.

தக்சாங் என்றால் புலிக்கூடு. எட்டாம் நூற்றாண்டில் பத்மசம்பவர், அவர்கள் குரு ரின்போச்சே என்பார்கள், பெண்புலி மேல் பறந்து வந்து அந்தக் குகையில் தவம் இருந்ததாக ஐதிகம். 1692-இல் குகையைச் சுற்றி மடாலயம் எழுப்பினார்கள். 1998-இல் தீப்பிடித்து எரிந்து, நாம் இப்போது பார்ப்பது திருப்பிக் கட்டியது. 3,120 மீட்டரில் இருக்கிறது, பாரோ பள்ளத்தாக்கின் தரையிலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். வண்டி கொஞ்ச தூரம் மேலே கொண்டு விடும், மீதி நம் கால்.

வழியில் ஒரு சிற்றுண்டிச்சாலை. அதுவரை குதிரை உண்டு. ஏறத்தான் குதிரை, இறங்கக் கிடையாது. என் வீட்டம்மா குதிரையில் அங்கே போய், இஞ்சித் தேநீரை வாங்கி வைத்துக்கொண்டு, எதிரே மேலே தெரிகிற மடாலயத்தைப் பார்த்தபடி மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். நான் மேலே போனேன். கடைசியில் மடாலயம் கை எட்டும் தூரத்தில் வந்து நிற்கும், ஆனால் நடுவில் ஒரு பிளவு. படி இறங்கி, அருவியைத் தாண்டி, மறுபடி படி ஏற வேண்டும். எழுநூறு படிக்கு மேல். முழங்காலைக் கொல்வது அந்த இடம்தான்.

ஜன்னலோரம், அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். அந்தக் காலண்டர் படம் எதிர்ப்பாறையிலிருந்து எடுத்தது. மடாலயத்துக்குள் போனால் அந்தக் காட்சி கிடையாது. உள்ளே சின்னச் சின்னச் சன்னிதிகள், வெண்ணெய் விளக்கு வாசனை, இருட்டு, பாறை. அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அவர் ஆசைப்பட்டது அது இல்லை. நுழைவுச்சீட்டு ஆளுக்கு 2,000, கீழேயே வாங்கிக்கொள்ள வேண்டும், மேலே தர மாட்டார்கள். யார் எதுவரை என்று அடிவாரத்திலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். போனும் பையும் வாசலிலேயே பெட்டகத்தில் வைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள்.

படியே இல்லாமல் கும்பிட வேண்டும் என்றால் பாரோவிலேயே கிச்சு லாகாங் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் திபெத்து மன்னர் சொங்சென் கம்போ ஒரே நாளில் 108 கோயில் கட்டினார், அதில் ஒன்று என்பார்கள். முற்றத்தில் ஆரஞ்சு மரம். ஊர்க் கிழவிகள் கையில் ஜபமாலையோடு சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள், நம் பிராகாரம் மாதிரி இடமிருந்து வலமாகத்தான். செருப்பைக் கழற்றுவது, வலம் வருவது, எல்லாம் நமக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. உள்ளே லாமா கெண்டியிலிருந்து குங்குமப்பூ கலந்த தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றினார். என் கூட வந்த வெளிநாட்டுக்காரர்கள் என்ன செய்வது என்று முழித்தார்கள். என் வீட்டம்மா ஒரு வாய் உறிஞ்சிவிட்டு மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டாள். அவ்வளவுதான், அதுவே அங்கும் வழக்கம். லாமா அவளுக்கு மட்டும் இன்னொரு தடவை ஊற்றினார்!

ஜன்னலோரம்:

எல்லோருக்கும் நன்றி. தபால்தலை ஐயா, காலண்டர் விஷயத்தை அம்மாவிடம் அப்படியே படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "குதிரை கடிக்குமா?" என்று கேட்டார்.

பும்தாங் அடித்தாகிவிட்டது. இன்னும் சில்லறைச் சந்தேகங்கள்: நாங்கள் மூவரும் சைவம். அம்மாவிடம் பாஸ்போர்ட் இல்லை, ஆதார் செல்லுமா? பையனுக்குப் போரடிக்காமல் இருக்க ஏதாவது?

தபால்தலை:

ஆதார் செல்லாது. வாக்காளர் அட்டை செல்லும், இல்லாவிட்டால் ஆறு மாதமாவது காலாவதியாகாத பாஸ்போர்ட். பையனுக்குப் பாஸ்போர்ட் இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழ் அசலோடு போங்கள். பெர்மிட்டை இணையத்திலேயே முன்கூட்டி விண்ணப்பித்துவிட்டால் எல்லையில் நிற்கிற நேரம் மிச்சம்.

சைவத்துக்குப் பஞ்சமில்லை, ஆனால் மிளகாய். எமா தட்சி அவர்களுடைய தேசியச் சாப்பாடு. எமா என்றால் மிளகாய், தட்சி என்றால் பாலாடைக்கட்டி. மிளகாய் அங்கே காரத்துக்குப் போடுகிற சரக்கில்லை, அதுதான் காய். நம் வாய்க்கே கண்ணைக் கட்டும். பையனுக்குக் கேவா தட்சி கேளுங்கள், உருளைக்கிழங்கு. காளான் போட்டால் ஷாமு தட்சி. சிவப்பரிசிச் சோறு அம்மாவுக்குப் பிடிக்கும். சுஜா என்று வெண்ணெயும் உப்பும் போட்ட தேநீர் தருவார்கள். தேநீர் என்று நினைத்துக் குடித்தால் குமட்டும், ரசம் என்று நினைத்துக் குடித்தால் இறங்கிவிடும்.

பையன் விஷயம். திம்புவில் டாக்கின் காப்பகம். ஆட்டுத்தலை, மாட்டு உடம்பு, அதுதான் அவர்கள் தேசிய விலங்கு. துருக்பா குன்லே என்ற கிறுக்குச் சாமியார் சாப்பிட்டு முடித்த எலும்புகளை ஒட்டவைத்து உண்டாக்கியது என்று கதை, வழிகாட்டி முழுசாகச் சொல்வார். (அதே சாமியாரின் கோயில் புனாகா போகிற வழியில் இருக்கிறது. அந்த ஊர் வீட்டுச் சுவர்களில் வரைந்திருப்பதைப் பார்த்துப் பையன் கேட்கப்போகும் கேள்விக்கு நீங்கள் பதிலோடு போங்கள். நான் உதவ மாட்டேன்.) வில்வித்தை எங்கே நடந்தாலும் வண்டியை நிறுத்துங்கள். இலக்கு ஏறக்குறைய 145 மீட்டர் தள்ளி. கண்ணுக்கே சரியாகத் தெரியாத பலகையில் அம்பு தைத்ததும் அந்தக் கோஷ்டி வரிசையாக நின்று பாடி ஆடுகிறது. புனாகாவில் ஃபோ சூ, மோ சூ என்று ஆண் ஆறும் பெண் ஆறும் கூடும் இடத்தில் 1637-இல் தொடங்கிக் கட்டிய சோங் (கோட்டையும் மடாலயமும் சேர்ந்தது), கொஞ்ச தூரத்தில் நீளமான தொங்குபாலம். காற்றில் ஆடும். பையன் ஓடுவான், நீங்கள் கம்பியைப் பிடித்துக்கொள்வீர்கள்.

சோங்குக்குள் போகிற நாளில் முழுக்கை, முழுக்கால் உடுப்பு. தொப்பி கூடாது. பாறை இடுக்குகளில் கைக்குள் அடங்குகிற மண் கோபுரங்கள் கூட்டமாக வைத்திருக்கும், சா-சா என்பார்கள். இறந்தவர்களின் அஸ்தி கலந்து செய்வது உண்டு. அழகாக இருக்கிறதே என்று பையன் ஒன்றை எடுத்துப் பையில் போட்டுவிடப் போகிறான், முன்பே சொல்லிவையுங்கள்.

நன்றிக்கு "காதின்சே லா". அந்த "லா" நம்முடைய "ங்க" மாதிரி. எதன் பின்னாலும் ஒட்டலாம், ஒட்டினால் மரியாதை. ஆங்கிலம் பேசும்போதுகூட "யெஸ் லா" என்பார்கள்.

கடைசியாக, திம்பு பெரிய தபால் நிலையம். உங்கள் படத்தையே தபால்தலையாக அச்சடித்துத் தருவார்கள். விளையாட்டுக்கு இல்லை, ஒட்டி அனுப்பினால் போய்ச்சேரும். முதல் நாளே அங்கே போய்விடுங்கள். நான் கடைசி நாளில் போனேன், ஞாயிற்றுக்கிழமை, பூட்டு. முப்பத்தாறு வருஷம் தபால் துறையில் இருந்தவனுக்கு ஞாயிற்றுக்கிழமை மறந்துபோனதை வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

ரெண்டு சக்கரம்:

பெரியவரே, அப்போ செலே லா-வுக்கு எந்த இரவைக் குறைக்கிறீர்கள்?

தபால்தலை:

எதையும் குறைக்கவில்லை. பாரோ இரண்டு இரவில் தக்சாங்குக்கு ஒரு பகல். ஊருக்குக் கிளம்பும் நாள் விமானம் மதியம் என்றால் விடியற்காலையில் போய் வரலாம், காலையிலேயே என்றால் இல்லை. அம்மாவின் முழங்கால் தக்சாங்குக்கு மறுநாள் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

ஜன்னலோரம், குதிரை கடிக்காது. ஆனால் பள்ளத்தின் ஓரமாகவே நடக்கும், அதற்கு அப்படி ஒரு பழக்கம். அம்மாவை மலைப்பக்கம் பார்த்துக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள்.